தூணின் மேல் ஒரு புகார்

பூமி ஆடியது பதினொரு விநாடி. அதற்குள் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் மூன்றாவது தூணில் உச்சியிலிருந்து அடிவரை விரிசல் விழுந்துவிட்டது. அந்த விரிசல் தொன்மைக் கட்டட மெய்நிகர் மீட்பு இயக்ககத்தின் பதிவேட்டில் விழ ஐந்து மாதம் ஆனது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூமிக்குக் கோப்பு கிடையாது, நினைத்தால் ஆடிவிடும்.

மூன்றாவது தூணை ஒட்டித்தான் ஜெராக்ஸ் அக்காவின் கடை. தாழ்வாரத்தில் ஒரு நகல் இயந்திரம், ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சாரலுக்கு ஒரு தார்ப்பாய். பத்தொன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிறது. நீதி போன பிறகு அந்த இடத்துக்கு உபயோகமான சங்கதிகள் வந்து சேர்ந்தன: கீழே அக்கா கடை, மேலே பொது வாசகசாலை. வாசகசாலையில் தினமும் நாற்பது பேராவது அரசுத் தேர்வுக்குப் படிப்பார்கள். நாற்பது பேர், அவர்களுடைய மேசை நாற்காலிகள், தலையணை தடிமனுக்குப் பொது அறிவுப் புத்தகங்கள், எல்லாம் அந்த ஒற்றைத் தூணின் தலையில்தான் உட்கார்ந்திருந்தன.

அக்காவின் அண்ணன் கொத்தனார். மறுநாள் காலையிலேயே வந்தார். சுத்தியலின் பிடியால் தூணைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுவரை போனது.

"உள்ளே கல்லு விட்டுப்போச்சும்மா. இன்னைக்கே நாலு இரும்பு முட்டு குடுத்துடணும். அப்புறம் பன்னண்டு நாள் வேலை. உடைஞ்ச கல்லை எடுத்துட்டுப் புதுக் கல்லைச் சொருகி, சுண்ணாம்புக் காரை ஊத்திட்டா, நம்ம காலத்துக்கு அசையாது."

"அப்ப குடுத்துடேன்."

"குடுத்தா என்னை உள்ளே வச்சிடுவாங்க. பழைய கட்டடத்துல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும்னாலும் மீட்பு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும்."

அக்கா மாடிக்குப் போய்ப் படிக்கிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் கவலையோடு கேட்டுக்கொண்டார்கள். மேசைகளை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். வேறு இடம் கிடையாது, தேர்வுக்கோ ஏழே மாதம்தான் இருந்தது. "தூண் விழறதுக்குள்ள பரீட்சை வந்துடும்க்கா" என்றார் ஒருவர். அரசுத் தேர்வுகளின் தேதியை அவர் அவ்வளவு நம்பியதுதான் அக்காவுக்கு உண்மையான பயத்தைக் கொடுத்தது.

அக்கா இயக்ககத்துக்கு மனு எழுதினார். ஒன்பது பிரதி வேண்டும் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவுக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஐந்தாவது மாதம் இயக்ககம் நேரில் வந்தது. ஒரு வேன், எட்டுப் பேர், ஒரு முக்காலி, அதன்மேல் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ஒரு கருவி. தலைமை தாங்கியவர் அளவை அதிகாரி. பளபளவென்று தலைக்கவசம் போட்டிருந்தார். விழக்கூடிய தூணிலிருந்து முப்பதடி தள்ளி நின்றதால் அது அவருக்கு அழகுக்கு மட்டுமே பயன்பட்டது. அவர் சொல்லச் சொல்ல, அளவுக்குக் குறியாக வெள்ளை உருண்டைகளைச் சுவரோரமாக வைத்துக்கொண்டு போனார் ஒரு மனிதர். நாற்பத்தெட்டு வயது, சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி, ஒப்பந்தத்தில் பதினோராவது ஆண்டு. கருவி வீசும் ஒளிக்கதிர் கட்டடத்தைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக அளந்து கொண்டுவரும். அந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு மேகம் என்று பெயர். அதைத் திரையில் கட்டடமாகச் சேர்ப்பவர் இவர்தான். ஆகவே ஆபீசில் இவரை மேகம் என்றே கூப்பிட்டார்கள்.

அக்கா அளவை அதிகாரியிடம் போனார். "சார், முட்டு எப்ப வரும்?"

"என்ன முட்டு?"

"தூணுக்கு. நீங்க பழுது பார்க்கத்தானே வந்திருக்கீங்க?"

அதிகாரி பொறுமையானவர். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "பழுது பார்க்கறது எங்க வேலை இல்லம்மா. பழுதைப் பார்க்கறதுதான் எங்க வேலை."

பத்து நாள் பார்த்தார்கள். முன்னால் நின்று பார்த்தார்கள், பின்னால் போய்ப் பார்த்தார்கள், பறக்கும் கருவியை அனுப்பி மேலேயிருந்தும் பார்த்தார்கள். அளவு நடக்கும்போது யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு. அசைந்தால் புள்ளி கலைந்துவிடுமாம். ஒருநாள் முழுக்க அக்கா ஸ்டூலில் கையை மடியில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் ஆதார் அட்டைகளோடு சாலையில் வரிசையாக உறைந்து நின்றார்கள். அசைந்தது விரிசல் ஒன்றுதான். அண்ணன் சொன்னபடி அக்கா அதன் குறுக்கே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வைத்திருந்தார். எட்டாம் நாள் தாள் நடுவில் கிழிந்திருந்தது.

அளவை அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முப்பதடியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டடத்துல போஸ்டர் ஒட்டறது குற்றம்னு தெரியாதா?" என்றார்.

மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. மீட்கப்பட்ட கட்டடத்தைப் பயனாளர் என்ற முறையில் நேரில் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மீட்கப்பட்ட கட்டடத்தில்தான் அன்று காலையும் கடை திறந்திருந்தார்; அது மீண்டது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. பேருந்து பிடித்து இயக்ககத்துக்குப் போனார்.

இயக்ககம் ஆறு மாடி. கட்டி நாலு வருடம். வரவேற்பறையில் கூரை ஒழுகி, கீழே வாளி வைத்திருந்தார்கள். வாளியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, "அளவை நிலுவையில்" என்று ஒரு பலகை. அக்கா வாளியைச் சுற்றிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் மெலிந்த, சுத்தமான மனிதர். இருபது வருடமாகக் கட்டடங்களைப் பாதுகாப்பவர். இத்தனை காலத்தில் ஒரு கட்டடத்தையும் தொட்டதில்லை என்பதைத் தன் கொள்கையாகவே சொல்வார். அக்காவின் கண்ணில் நீச்சல் கண்ணாடி போல ஒன்றை அவரே மாட்டிவிட்டார்.

அக்கா வாய் பிளந்தார். எதிரே நீதிமன்றம் நின்றது. கல்லெல்லாம் கழுவினாற்போல் இருந்தது. ஜன்னல் சட்டங்களுக்கு வர்ணம் புதிது. அவர் பிறப்பதற்கு முன்பே காணாமல் போன கோபுர மணிகூட இருந்தது. மூன்றாவது தூணைத் தேடினார். வழுவழுவென்று வாழைத்தண்டு மாதிரி நின்றது.

"சார், விரிசல் எங்க?"

"இல்ல."

"காலையில இருந்துச்சே."

"அங்க இருக்கும். இங்க இல்ல." இயக்குநர் ஓரத்தில் நின்றிருந்த மேகத்தைப் பார்த்தார். மேகம் தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். விரிசலுக்குள் ஒளி போகாது. ஒளி போகாத இடத்தில் புள்ளி விழாது. புள்ளி இல்லாத இடத்தை மென்பொருள் ஓட்டை என்று நினைத்து அக்கம்பக்கத்துக் கல்லைக்கொண்டு தானாகவே அடைத்துவிடும்.

"ஆக, அது விரிசலே இல்ல" என்றார் இயக்குநர். "தகவல் குறைவு. குறைவை நிவர்த்தி பண்ணிட்டோம்."

அக்கா கையை நீட்டித் தூணைத் தொடப் போனார். இரும்பு அலமாரியில் விரல் முட்டி வலித்தது. அப்படியே திரும்பியபோது, தாழ்வாரத்தில் தன் கடை இருந்த இடத்தில் ஒரு கல் உருவம் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். மடியில் கை. முகம் தேய்ந்து மூக்கு மழுங்கியிருந்தது. புடவை மடிப்பு மட்டும் நன்றாக வந்திருந்தது.

"இது யாரு சார்?"

"எங்க பெரிய கண்டுபிடிப்பு!" இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "அமர்ந்த நிலையில் பெண் சிற்பம். இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படல. சிற்ப வல்லுநர் முந்நூறு வருஷம்னு தேதி குடுத்திருக்கார்."

"கட்டடமே நூத்தம்பது வருஷம்தானே சார்?"

"அதான் விசேஷம். சிற்பத்தைச் சுத்தித்தான் கட்டடத்தைக் கட்டியிருக்காங்கன்னு இப்ப தெரிய வருது."

அந்தப் புடவை தான் இப்போது கட்டியிருக்கும் புடவைதான் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். மரபு எவ்வளவு தொடர்ச்சியானது பாருங்கள் என்று இயக்குநர் மேகத்திடம் சொன்னார். அன்று மாலை வீட்டில் இதைக் கேட்ட அக்காவின் கணவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "முந்நூறு வருஷமா? உன்னோட குடித்தனம் பண்ற எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் முறை குழம்பு கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் சான்றிதழ் வந்தது. பழைய நீதிமன்றக் கட்டடம் நூறு சதவீதம் மீட்கப்பட்டது என்று அதில் இருந்தது. அதே வாரம் அக்கா ஒட்டிய நாலாவது தாள், ஒட்டிய அன்றைக்கே கிழிந்தது. நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் பொடி உதிர ஆரம்பித்தது. எடுக்கிற நகல்களில் எல்லாம் கரும்புள்ளி விழுந்தது. ஒருநாள் மாடியில் யாரோ நாற்காலியை இழுக்க, தூணுக்குள்ளிருந்து எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அக்கா இயந்திரத்தை அணைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டார்.

"உள்ளே வச்சாலும் பரவாயில்லண்ணா. வா."

அண்ணன் நாலு இரும்பு முட்டுகளோடு வந்தார். பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரில், தூண் தாங்கும் வளைவுக்கு அடியில் பலகை வைத்து முட்டுகளை நிறுத்தித் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் நிறுத்தி, காது வைத்துக் கேட்டு, மறுபடி திருகினார். அக்கா பக்கத்திலேயே நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டதில் தூண் பேசுகிறதா தன் உடம்பு பேசுகிறதா என்றே தெரியவில்லை. மதியத்துக்குள் பொடி உதிர்வது நின்றது.

மனுவுக்கு ஐந்து மாதம் கழித்து வந்த இயக்ககம் முட்டுக்கு மறுநாளே வந்துவிட்டது.

குற்றச்சாட்டு எளிமையானது. கண்ணாடிக்குள் காட்டும் மாதிரியில் முட்டு இல்லை. கட்டடத்தில் முட்டு இருக்கிறது. ஆகவே மீட்கப்பட்ட கட்டடம் சிதைக்கப்பட்டிருக்கிறது. அக்காவையும் அண்ணனையும் விசாரணைக்கு அழைத்தார்கள். நீள மேசைக்கு அந்தப்பக்கம் இயக்குநர், அளவை அதிகாரி, இன்னும் ஐந்து பேர். ஓரத்தில் குறிப்பெடுக்க மேகம்.

"முட்டு எதுக்குக் குடுத்தீங்க?" என்றார் இயக்குநர்.

"விழாம இருக்க" என்றார் அண்ணன்.

"எது விழாம இருக்க?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். இது கேள்வியா மிரட்டலா என்று அவருக்குப் புரியவில்லை. "கட்டடம்ங்க."

இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். கட்டடம்ங்கறது ஒரு தற்காலிக ஏற்பாடு. மழை பெய்யும், பூமி ஆடும், ஜனங்க வந்து உக்காருவாங்க. மாதிரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்ல. நான் பொறுப்புக்கு வந்து இதுவரைக்கும் நூத்தி நாப்பது கட்டடத்தை மீட்டிருக்கோம். அதுல நூத்திப் பதினாறு இப்ப இல்ல. ஆனா அந்த நூத்திப் பதினாறு மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் உண்டா?"

மேசையில் இருந்தவர்கள் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள்.

"'இப்ப இல்ல'ன்னா, என்ன ஆச்சு சார்?" என்றார் அக்கா.

"விழுந்துடுச்சு. அதனாலதான் மாதிரி எவ்வளவு அவசியம்னு சொல்றேன்."

அக்காவுக்கு மாடியில் குனிந்து படிக்கும் நாற்பது தலைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. "சார், எனக்கு உங்க படிப்பு கிடையாது. பத்தொன்பது வருஷமா நகல் எடுக்கறேன். கிழிஞ்ச காகிதத்தை வச்சு எடுத்தாலும் நகல் கிழியாமத்தான் வரும். அதுக்காக அசல் ஒட்டிக்காது சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! சாதாரண ஜனங்களுக்கே புரிஞ்சிடுச்சு. நகல் கிழியாம வரும்! மேகம், இதை அப்படியே எழுதிக்குங்க. திறப்பு விழா மலர்ல போடலாம்."

தீர்ப்பும் உடனே கொடுத்தார்கள். இருபத்தொரு நாளில் மாதிரியின் திறப்பு விழா. அதற்குள் முட்டுகளை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இயக்ககமே ஆள் வைத்து எடுக்கும், கொத்தனார்மேல் வழக்கு வரும், கடையும் காலியாகும்.

அண்ணனும் தங்கையும் படியிறங்கி வந்தார்கள். அண்ணன் வாளிப் பக்கத்தில் நின்று கூரையையே வெறித்துப் பார்த்தார். கூரை ஒழுகலைப் பார்த்தால் கொத்தனாருக்குக் கை அரிக்கும். அதையும் அவர் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். மேகம் வந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்க விதிகள்ல நாப்பத்தொண்ணுன்னு ஒண்ணு இருக்கு. மாதிரிக்கும் கட்டடத்துக்கும் முரண்பாடு வந்தா, தப்பு கட்டடத்தோடதுதான்னு வச்சுக்கணும். தப்பான கட்டடத்தைப் பதினஞ்சு நாளுக்குள்ள மாதிரி மாதிரியே திருத்திடணும். அதுக்கு இயக்குநர் கையெழுத்துகூட வேணாம்."

"அப்படி ஒரு விதியா? எதுக்கு?"

"எங்க மாதிரியை யாரும் தப்புன்னு சொல்லிடக் கூடாதுன்னு போட்டது. அதுக்குன்னு ஒரு பிரிவே இருக்கு. ரெண்டாவது மாடி, கடைசி ரூம்." இரண்டு கண்ணாடிகளில் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "பதினோரு வருஷமா ஓட்டை அடைக்கறேன்க்கா. ஒண்ணாவது நெஜமா அடையட்டும்."

பிழைதிருத்தப் பிரிவில் ஒரே ஒரு எழுத்தர் இருந்தார். அறை கோயில் மாதிரி சுத்தமாக இருந்தது. முத்திரை, மைப்பெட்டி, கோடு போட்ட புதுப் பதிவேடு எல்லாம் தயார். பிரிவு தொடங்கி எட்டு வருடம். ஒரு புகாரும் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் இயக்ககத்தின்மேல் புகார் கொடுத்தார்களே தவிர, கட்டடத்தின்மேல் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"யார் மேல புகார்?" என்று பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார் எழுத்தர்.

"தூண் மேல" என்றார் அக்கா.

எழுத்தர் எழுந்து நின்றேவிட்டார். "உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கறீங்களா?"

புகார் பதிவானது. எதிராளி: மூன்றாவது தூண். குற்றம்: மாதிரியில் இல்லாத விரிசலைத் தன்னிச்சையாக வைத்திருத்தல். இயற்கை நீதியின்படி எதிராளியின் தரப்பையும் கேட்க வேண்டும் என்பதால், மூன்று நாளில் விளக்கம் தருமாறு தூணுக்கு ஓர் அறிவிப்பு எழுதி, அதைத் தூண்மேலேயே எழுத்தர் தன் கையால் ஒட்டினார். மூன்று நாளும் மாலையில் வந்து பதில் ஏதாவது உண்டா என்று பார்த்தார். தூண் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் ஒருதலையாகத் தீர்ப்பு எழுதப்பட்டது. உள்ளே நீதிமன்றம் நடந்த காலத்தில்கூட அந்தக் கட்டடத்தில் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு வந்ததில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. முட்டுகளை எடுக்கச் சொல்லி ஏற்கெனவே ஓர் உத்தரவு. முட்டு இல்லாமல் கல்லை மாற்ற முடியாது என்றார் அண்ணன். எழுத்தர் மிகவும் யோசித்தார். எழுத்தில் பிழை திருத்தும்போது ஓரத்தில் குறி போடுவதில்லையா? திருத்தி முடித்ததும் குறியை அழித்துவிடுவோம். ஆகவே நாலு முட்டுகளும் திருத்தக் குறிகள் என்று பதிவேட்டில் ஏற்றினார். அண்ணனுக்குப் பிழைதிருத்துநர் என்று ஓர் அட்டையும் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

பன்னிரண்டு நாள் வேலை நடந்தது. அண்ணனும் இன்னும் இரண்டு ஆட்களும் உடைந்த கற்களை ஒவ்வொன்றாகக் கடைந்தெடுத்தார்கள். ஒன்றை எடுத்த இடத்தில் ஒன்றைச் சொருகி, அது பிடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொட்டார்கள். மேகம் மதிய உணவு வேளைகளில் வந்து நின்று பார்ப்பார். கடைசி நாள் காரை ஊற்றும்போது, "நான் கொஞ்சம் ஊத்தலாமா?" என்று கேட்டார். அண்ணன் கரண்டியைக் கொடுத்தார். திரையில் ஒரே சொடுக்கில் அடைத்த ஓட்டையை அந்த மனிதர் முழங்கைவரை சுண்ணாம்போடு அரைமணி நேரம் அடைத்தார். சட்டை வீணாய்ப் போனது. போகும்போது சிரித்துக்கொண்டே போனார்.

காரை இறுகி முட்டுகள் இறங்கியது திறப்பு விழாவுக்கு முதல் நாள். முட்டுகள் இறங்கிவிட்டதை இயக்குநர் தன் உத்தரவுக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டார். தூண் சரியானதை அவர் கவனிக்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது எப்போதோ சரியாகிவிட்டது.

விழா இயக்ககத்தின் ஆறாவது மாடி அரங்கில் நடந்தது. கட்டடத்திலேயே நடத்தினால் வருகிறவர்கள் அதையும் மாதிரியையும் ஒப்பிட்டுக் குழம்பிப் போவார்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். முன்வரிசையில் சிறப்பு விருந்தினரும் மற்ற பெரியவர்களும். மூன்றாம் வரிசையில், பயனாளர் என்ற அட்டையோடு ஜெராக்ஸ் அக்கா. எல்லோர் கண்ணிலும் கண்ணாடி மாட்டப்பட்டது. இயக்குநரும் மாட்டிக்கொண்டார்.

"பெரியோர்களே!" என்று அவர் தொடங்கினார். "இதோ, நாம் நீதிமன்றத்துக்குள் நுழைகிறோம். இங்கே தூசி இல்லை, ஈரம் இல்லை, மனிதர்கள் இல்லை. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்க இதைவிட நல்ல வழி உண்டா? சிலர் எங்களைக் கேட்கிறார்கள், கட்டடத்துக்கு என்ன செய்தீர்கள் என்று. நான் பணிவோடு சொல்கிறேன்: ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் தவறு நேர்ந்திருக்கும். இந்த மாதிரி, எத்தனை நிலநடுக்கம் வந்தாலும்…"

அப்போது பூமி ஆடியது.

பெரிய ஆட்டமில்லை, ஐந்தாறு விநாடி. ஆனால் ஆறாவது மாடி. நாற்காலிகள் நகர்ந்தன. தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. அக்கா கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். தலைக்கு மேலே பொய்க்கூரை அலை அலையாக நெளிந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்க! எல்லாரும் வெளியே ஓடுங்க!" என்று கத்தினார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்குள் நீதிமன்றம் துளிகூட அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நாற்காலி மட்டும் ஆடியது. சிறப்பு விருந்தினர் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு, "அடடா! தத்ரூபம்! நெஜமா ஆடற மாதிரியே இருக்கே!" என்றார். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசைகளும் கேட்டுக் கைதட்டின. இயக்குநர் ஒரு நொடி திகைத்தார். பிறகு கைதட்டல் வருகிற பக்கமாகக் குனிந்து வணங்கி, "எங்கள் தொழில்நுட்பப் பிரிவின் சிறு முயற்சி" என்றார்.

வணங்கிய முதுகின்மேல் கூரைப் பலகை ஒன்று விழுந்தது. அட்டைப் பலகை, காயம் ஒன்றுமில்லை. வெள்ளைப் பொடியில் இயக்குநரும் மேடையும் மலர்ச்செண்டுகளும் எல்லாம் ஒரே நிறமாயின. அதற்கும் கைதட்டினார்கள்.

அக்கா அதைப் பார்க்க நிற்கவில்லை. ஆறு மாடி இறங்கிச் சாலைக்கு ஓடினார். பேருந்து நின்றுபோயிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு தெரு, சந்தைத் திருப்பம், பாலம் என்று ஓடினார். போன தடவை விழுந்த விரிசலே ஐந்து மாதம் கண்ணில் படாத ஊர் இது, நாற்பது பேர் கிடந்தால் எத்தனை மாதம் ஆகும் என்றே மனம் அடித்துக்கொண்டது.

நீதிமன்றம் நின்றது. எதிரே சாலையில் நாற்பது பேரும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் மூன்றாவது தூணின் அடியில் குந்தி, சுத்தியல் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா நடைபாதையில் உட்கார்ந்து, முதல்முறையாக, வாய்விட்டு அழுதார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு மீட்புப் பணிக்கான உயரிய விருது இயக்குநருக்குக் கிடைத்தது. இரண்டாவது நிலநடுக்கத்திலும் கட்டடம் அசையவில்லை என்று பாராட்டுரையில் இருந்தது. மேகத்தின் ஒப்பந்தம் பன்னிரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படவில்லை. அவர் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தார். பூச்சு இன்னும் கோணலாகத்தான் வருகிறது என்று அண்ணன் சொல்கிறார். பிழைதிருத்தப் பிரிவை மூடிவிட்டார்கள்; ஒரு பிழை நிஜமாகவே திருந்திவிட்டது தணிக்கையில் தெரிந்துபோயிற்று.

தேர்வு சொன்ன தேதிக்கு மூன்று மாதம் தள்ளி நடந்தது. முடிவுகள் வந்த வாரம் மாடியில் படித்த ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பத்தொரு வயது; அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கையில் பணிநியமன உத்தரவு. கண் கலங்கியிருந்தது.

"பாஸாயிட்டேன்க்கா. போஸ்டிங்கும் போட்டுட்டாங்க. இதுல ஒன்பது காப்பி வேணுமாம்."

அக்கா எழுந்து அவள் கன்னத்தைத் தடவினார். "நல்லா இரும்மா. எந்த ஆபீஸ்?"

"மீட்பு ஆபீஸ்க்கா. திங்கக்கிழமை சேரணும்."

அக்கா தாளை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தார். மூடியை மூடினார். ஒன்று, இரண்டு என்று நகல்கள் வந்து விழுந்தன. "என்ன வேலை குடுத்திருக்காங்க?"

"முதல் வேலையே இந்தத் தூணைத் திரும்ப அளக்கறதுதானாம். மாதிரியில இருக்கறதைவிட தூண் இப்ப ஸ்ட்ராங்கா இருக்காம். அதுவும் முரண்பாடுதான்னு ஃபைல் போட்டிருக்காங்க." அவள் தயங்கினாள். "பயமா இருக்குக்கா. எனக்குக் கட்டடத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே."

அக்கா ஒன்பது நகல்களையும் தட்டி ஒழுங்கு பண்ணி அவளிடம் நீட்டினார்.

"தெரிஞ்சிருந்தா உன்னை அங்க எடுத்திருக்க மாட்டாங்கம்மா" என்றார்.